டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்குப் பிறகு அடுத்த கர்ப்பம்: வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

முதலில் வீட்டு பீரோவில் ஒரு காகிதத்தைத் தேடி எடுங்கள். மூத்த குழந்தைக்கு எடுத்த குரோமோசோம் டெஸ்ட் ரிப்போர்ட், அதாவது கேரியோடைப். அடுத்த கர்ப்பத்தில் எவ்வளவு ஆபத்து, பெற்றோருக்கு டெஸ்ட் வேண்டுமா, எந்த வாரத்தில் எந்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒரு பக்கம்தான் முடிவு செய்கிறது. அது கையில் இல்லாமல் கர்ப்பம் தரித்துவிட்டால், பத்தாவது வாரத்தில் செய்ய வேண்டியதைப் பதினாறாவது வாரத்தில் அலைந்து திரிந்து செய்ய வேண்டிவரும்.

பல வீடுகளில் இருப்பது அந்த ரிப்போர்ட் அல்ல. குழந்தை பிறந்தபோது முகத்தையும் கை ரேகையையும் பார்த்து டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் எழுதிய 'டவுன்' என்ற ஒரு வார்த்தைதான் இருக்கும். குழந்தையின் சிகிச்சைக்கு அது போதும். அடுத்த கர்ப்பத்துக்குத் திட்டமிட அது போதாது. குழந்தைக்கு இப்போது ஐந்து வயது ஆகியிருந்தாலும் பரவாயில்லை, ரத்தம் கொடுத்து டெஸ்ட் எடுத்துவிடுங்கள். குரோமோசோம் வயதோடு மாறாது.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

கடைசி வரியில் ஒரு குறியீடு இருக்கும். 47 என்று தொடங்கி, எக்ஸ்எக்ஸ் அல்லது எக்ஸ்ஒய் என்று வந்து, +21 என்று முடிந்தால் அது சாதாரண டிரைசோமி 21. நூறு டவுன் குழந்தைகளில் 95 பேருக்கு இதுதான். 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக, தனித்தனியாக இருக்கிறது என்று பொருள். இந்த வரி இருந்தால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் குரோமோசோம் டெஸ்ட் தேவையில்லை. யாராவது எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். திரும்பத் திரும்பக் கரு கலைந்த வரலாறு போல வேறு காரணம் இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் அது வீண் செலவு.

குறியீடு 46 என்று தொடங்கினால் கவனம். '46 தானே, நார்மல்தானே' என்று நினைத்து ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அதே வரியில் 'டெர்' அல்லது 'ராப்' என்று எழுதி, பக்கத்தில் (14;21), (21;21) என்று இரண்டு எண்கள் இருந்தால் அது டிரான்ஸ்லொகேஷன். இரண்டு புத்தகங்களை ஒரே அட்டைக்குள் பைண்டு பண்ணியது மாதிரி, கூடுதலான 21 இன்னொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணினால் 46, உள்ளே இருக்கும் சரக்கு 47-க்கு உரியது. நூற்றில் மூன்று நான்கு பேருக்கு இப்படி. இந்த வகையில் அம்மா, அப்பா இருவருமே டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலும் இது அந்தக் குழந்தையிடம் புதிதாக ஏற்பட்டதாக இருக்கும். ஆனால் சுமார் மூன்றில் ஒரு பங்கு வரை, எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடும் அப்பாவோ அம்மாவோ அதைச் சுமந்து கொடுத்திருப்பார்கள். அவர்களுடைய ரிப்போர்ட்டில் 45 என்று வரும்.

'மோஸ்' என்று தொடங்கி இரண்டு எண்ணிக்கைகள் கொடுத்திருந்தால் மொசைக். சில செல்களில் 46, சிலவற்றில் 47. அடுத்த கர்ப்பத் திட்டத்துக்கு இதைச் சாதாரண டிரைசோமி மாதிரியே வைத்துக்கொள்ளலாம்.

மூத்த குழந்தை உயிரோடு இல்லை, டெஸ்டும் எடுக்கவில்லை என்றால், அதற்கு ஈடாகப் பெற்றோர் இருவருக்கும் கேரியோடைப் செய்ய வேண்டும். இரண்டு பேருக்கும் நார்மல் என்று வந்தால், சாதாரண டிரைசோமிக்குரிய கணக்கையே எடுத்துக்கொள்வார்கள்.

ரத்தம் கொடுக்கும்போது எது கெடுகிறது

சர்க்கரை, தைராய்டு டெஸ்டுக்குக் கொடுக்கிற மாதிரி இதைக் கொடுக்க முடியாது. குரோமோசோமைப் பார்க்க வேண்டுமென்றால் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் லேபில் உயிரோடு வளர வேண்டும். மூன்று நாள், ஏறத்தாழ 72 மணி நேரம் வளர்த்த பிறகுதான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அதனால்:

- ஹெபரின் போட்ட பச்சை மூடிக் குழாயில்தான் எடுக்க வேண்டும். தெருமுனை கலெக்‌ஷன் சென்டரில் பழக்கதோஷத்தில் ஊதா மூடிக் குழாயில் எடுத்துவிடுவார்கள். அதில் செல் வளராமல் போகலாம். ஊசி குத்துவதற்கு முன்பே மூடியின் நிறத்தைப் பாருங்கள்.
- பெரியவர்களுக்கு 3 முதல் 5 மி.லி., குழந்தைக்கு 2 மி.லி. எடுத்தவுடன் குழாயை மெதுவாகப் பலமுறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இல்லாவிட்டால் கட்டியாகிவிடும்.
- ஃப்ரீசரில் வைத்தால் செத்துப்போகும். மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்தாலும் அதே கதி. 24 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர்வது நல்லது.
- சனிக்கிழமை மாலை கொடுக்காதீர்கள். தண்டையார்பேட்டையிலோ மணலியிலோ எடுத்த ரத்தம் ஞாயிறு முழுக்கப் பையிலேயே கிடக்கும். திங்கள் முதல் புதன் வரை, காலை நேரம் பாதுகாப்பு.

ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். 'வளரவில்லை, மறுபடி கொடுங்கள்' என்று கூப்பிட்டால் பயப்பட வேண்டாம். அது சாம்பிளின் கோளாறு, உங்கள் உடம்பின் கோளாறு அல்ல. கையில் வந்ததும் மூன்று பேரும் ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள், கணவர், அம்மா வீட்டில் ஒருவர். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் பகுதியில் இருப்பவர்களுக்கு இது உபரி யோசனை அல்ல.

உண்மையில் எவ்வளவு ஆபத்து

சாதாரண டிரைசோமி என்றால், அடுத்த குழந்தைக்கும் வர வாய்ப்பு சுமார் 100-ல் 1. அம்மாவின் வயதுக்குரிய ஆபத்து அதைவிட அதிகமாக இருந்தால், அந்த வயதுக் கணக்கே பொருந்தும். வயதுக் கணக்கு ஏறத்தாழ இப்படி: 25 வயதுக்குக் கீழே சுமார் 1500-ல் 1, 30 வயதில் 900-ல் 1, 35-ல் 350-ல் 1, 40-ல் 100-ல் 1, 45-ல் 30-ல் 1. ஆக 27 வயதில் டவுன் குழந்தை பெற்ற ஒருவருக்கு அடுத்த முறை 100-ல் 1. அதாவது நூறு கர்ப்பத்தில் தொண்ணூற்றொன்பதில் வராது. 43 வயதானவருக்கு வயதுக் கணக்கே இதைத் தாண்டிவிடும்.

டிரான்ஸ்லொகேஷனில் கணக்கு வேறு. பெற்றோர் இருவருக்கும் நார்மல் என்றால் ஆபத்து 100-ல் 1 அளவுக்கோ அதற்கும் கீழேயோதான். அம்மா 14;21 சுமப்பவராக இருந்தால் 100-ல் 10 முதல் 15. அப்பா சுமப்பவராக இருந்தால் 100-ல் 1, 2 என்ற அளவுதான். யாராவது ஒருவரிடம் 21;21 இருந்தால், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் டவுன் இருக்கும். இது மிக அரிது. இந்தத் தம்பதிகளுக்குத்தான் தானமாகப் பெறும் கருமுட்டை அல்லது விந்தணு, தத்தெடுப்பு பற்றிய பேச்சே எழ வேண்டும். மற்றவர்களிடம் யாராவது அதைப் பேசினால் எழுந்து வந்துவிடலாம்.

காரணத்தைப் பற்றியும் ஒரு பத்தி. பத்தில் ஒன்பது கேஸில் கூடுதல் குரோமோசோம் வருவது கருமுட்டையிலிருந்து. அந்த முட்டைகள், அம்மா தன் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே உருவானவை. கிரகணத்தன்று வெளியே வந்தது, பப்பாளி சாப்பிட்டது, எட்டாம் மாதம் வரை வேலைக்குப் போனது, நாக தோஷம் எதுவும் காரணம் அல்ல. சொந்தத்தில் கட்டியதும் காரணம் அல்ல. மாமன் மகளைக் கட்டினாலும் அக்கா மகளைக் கட்டினாலும் டவுன் வரும் வாய்ப்பு அதனால் கூடுவதில்லை. வேறு சில பரம்பரை நோய்களுக்கு அது வாய்ப்பைக் கூட்டும் என்பதால், டாக்டரிடம் உறவு முறையை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் மாமியார் என்ன சொன்னாலும், ரிப்போர்ட்டில் அவர் பெயரும் இல்லை, உங்கள் பெயரும் இல்லை.

கர்ப்பத்துக்கு முந்தைய மூன்று மாதம்

முந்தைய பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இரண்டு வருட இடைவெளி உடம்புக்கு நல்லது. சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் முக்கியம். ஆனால் வயது 37, 38 ஆகிவிட்டால் இடைவெளியா வயதா என்று டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

ஃபோலிக் ஆசிட் தினம் 400 மைக்ரோகிராம், குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து. சர்க்கரை நோய், வலிப்பு மாத்திரை, முதுகுத்தண்டுக் குறைபாட்டோடு முன்பு ஒரு குழந்தை என்றால் 5 மில்லிகிராம், அதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்து. இது காப்பது முதுகுத்தண்டையும் மூளையையும்தான். டவுனைத் தடுக்கும் என்று சொல்லி விற்கும் மாத்திரை, பவுடர், லேகியம் எதையும் வாங்காதீர்கள். டவுனைத் தடுக்கும் மருந்து கிடையாது.

ஹீமோகுளோபின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, ரத்த குரூப், ருபெல்லா எதிர்ப்புச் சக்தி ஆகியவற்றை இப்போதே பார்த்துவிடுங்கள். ருபெல்லா தடுப்பூசி தேவைப்பட்டால், போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. கட்டுப்படாத சர்க்கரை குழந்தையின் இதயத்தைப் பாதிக்கும்.

மூத்த குழந்தையின் நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதய ஆபரேஷன் பாக்கி இருந்தால் அதை முடித்துவிட்டுத் திட்டமிடுவது நல்லது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு நடந்துகொண்டிருக்கும்போது வாந்தியும் தலைச்சுற்றலும் சேர்ந்தால் தாங்காது. ஸ்கேன் நாட்களில் குழந்தையின் பிசியோ, பேச்சுப் பயிற்சிக்கு யார் கூட்டிப்போவது என்பதை இப்போதே ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, இது கணவன் மனைவி மட்டும் பேச வேண்டியது. ரிசல்ட் எப்படி வந்தாலும் குழந்தையை வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்திருக்கிறீர்களா? அல்லது தெரிந்த பிறகு முடிவு செய்வோம் என்றா? முதலாவது என்றால் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுக்கும் டெஸ்ட், அதாவது ஆம்னியோ, தேவையே இல்லாமல் போகலாம். இரண்டாவது என்றால் தேதிகள் முக்கியம். டெஸ்ட் எடுப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. மூத்தவனைப் பெற்று வளர்த்தவர்கள் எப்படி இந்தக் கேள்வியை யோசிக்கலாம் என்று கேட்க வெளியாருக்கு இடம் இல்லை.

நாட்காட்டி

இங்கேதான் வடசென்னைக் குடும்பங்கள் அதிகம் தடுக்கி விழுகின்றன. 'மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளிய சொல்லிக்கலாம்' என்ற பழக்கம். மூன்று மாதம் முடிந்து முதல் ஸ்கேனுக்குப் போகும்போது, கருவின் கழுத்துப் பின்புற நீரை அளக்கும் என்.டி. ஸ்கேனுக்கான காலம் முடிந்திருக்கும். அக்கம்பக்கத்தாரிடம் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் நாள் தள்ளிப்போன வாரமே சொல்லுங்கள்.

மாதக் கணக்கை மறந்து வாரத்தில் எண்ணுங்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாள்தான் தொடக்கம். ஓர் உதாரணம்: அது 2026 ஜனவரி 5 என்று வைத்துக்கொண்டால்,

10 வாரம் முடிவது மார்ச் 16. அன்றிலிருந்து என்.ஐ.பி.டி.க்கு (அம்மாவின் ரத்தத்திலிருந்து டவுன் ஆபத்தை மதிப்பிடும் டி.என்.ஏ. டெஸ்ட்) ரத்தம் கொடுக்கலாம்.
என்.டி. ஸ்கேன் மார்ச் 23 முதல் ஏப்ரல் 12 வரை, அதாவது 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை. மொத்தமே மூன்று வாரம். கருவின் நீளம் 45 முதல் 84 மி.மீ. வரை இருந்தால்தான் அளவு செல்லும். 12 வாரத்தை ஒட்டிப் போவது உத்தமம்.
15 வாரம் ஏப்ரல் 20. ஆம்னியோ அதற்கு முன் கூடாது.
18 வாரம் மே 11, 20 வாரம் மே 25. கருவின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன் இதற்கு நடுவில்.
24 வாரம் ஜூன் 22. பிரசவத் தேதி அக்டோபர் 12.

இப்போது ஒரு தவறான பாதையை இதே தேதிகளில் பாருங்கள். எதுவும் செய்யாமல் மே 25-ல் அனாமலி ஸ்கேன், அதில் ஏதோ சந்தேகம், நான்கு நாள் கழித்து ஆம்னியோ, முழு ரிசல்ட் மூன்று வாரம். ஜூன் 19 ஆகிவிட்டது. கருக்கலைப்புச் சட்டத்தின் 24 வார எல்லைக்கு முன் யோசிக்க மிஞ்சுவது மூன்று நாள். ஏப்ரல் 27-ல் ஆம்னியோ எடுத்திருந்தால் மே நடுவிலேயே முழு ரிசல்ட் கையில் இருந்திருக்கும்.

மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்கள் ஏழு எட்டு வாரத்திலேயே ஒரு ஸ்கேன் எடுத்துத் தேதியை உறுதி செய்ய வேண்டும். தேதி ஒரு வாரம் பிசகினால் டபுள் மார்க்கர் (என்.டி. ஸ்கேனோடு சேர்த்து டவுன் ஆபத்தை மதிப்பிடும் ரத்த டெஸ்ட்) கணக்கு முழுவதும் பிசகும்.

12 வாரத்துக்குள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததற்கான அரசு எண்) வாங்கிவிடுங்கள். தனியாரில் பார்த்தாலும் வாங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு அது கேட்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் இந்தக் காலக்கெடு முக்கியம். பதியும்போதே நர்ஸம்மாவிடம் 'முதல் குழந்தைக்கு டவுன்' என்று சொல்லி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். உயர் ஆபத்துக் கர்ப்பம் என்று பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப அந்த ஒரு வரி வழி திறக்கும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., எழும்பூர் தாய் சேய் மருத்துவமனை இரண்டும் நமக்கு எட்டும் தூரம். விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் வந்து மாறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோவில் குலுங்க வேண்டாம். எந்த டெஸ்ட் அங்கேயே நடக்கும், எதை வெளியே எடுத்து வரச் சொல்வார்கள் என்பதை முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கருவிலுள்ள குழந்தைக்கான சிறப்பு ஸ்கேன் மையங்கள் நகரின் நடுவிலும் தெற்கிலும்தான் அதிகம். போக வர ஒரு நாள் போய்விடும்.

எந்த டெஸ்ட்

இரண்டு வகை. ஆபத்தை மதிப்பிடுவது ஒன்று, உறுதி செய்வது இன்னொன்று. முதல் வகையை இரண்டாவதாக எடுத்துக்கொள்வதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கர் ரத்தமும் சேர்ந்தால், நூறு டவுன் கருவில் சுமார் 90-ஐப் பிடிக்கும். இல்லாத கருவில் நூற்றுக்கு ஐந்தைத் தவறாக 'ஹை ரிஸ்க்' என்று சொல்லும். உங்களைப் போல 100-ல் 1 ஆபத்துள்ள 10,000 பேர் செய்தால் என்ன ஆகும்? டவுன் உள்ள 100 கருவில் 90 பிடிபடும். டவுன் இல்லாத 9,900-ல் சுமார் 495 பேருக்கும் ஹை ரிஸ்க் என்று வரும். ஆக ஹை ரிஸ்க் வந்த 585 பேரில் உண்மையில் டவுன் உள்ளது 90 பேருக்கு. ஹை ரிஸ்க் தாளைப் பார்த்துத் தெருவிலேயே உட்கார்ந்து அழ வேண்டாம் என்பது இதனால்தான்.

ஸ்கேன் இல்லாமல் டபுள் மார்க்கர் ரத்தம் மட்டும் கொடுப்பது பாதிக் கிணறு. ரத்தம் எடுக்கிற பையன் ஃபாரத்தில் கேட்பதை நீங்களே சரிபாருங்கள்: ஸ்கேன் தேதி, கருவின் நீளம் மி.மீ.யில், என்.டி. அளவு, உங்கள் எடை, பிறந்த தேதி, ஒற்றையா இரட்டையா, சர்க்கரை உண்டா, ஐ.வி.எஃப். கர்ப்பமா, முன்பு டவுன் குழந்தை உண்டா. கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று அவசரத்தில் டிக் அடித்தால் கணினி 100-ல் 1-லிருந்து கணக்கைத் தொடங்காது, வெறும் வயதிலிருந்து தொடங்கும். வந்து நிற்கும் 'லோ ரிஸ்க்' உங்களுடையது அல்ல.

என்.ஐ.பி.டி. என்பது அம்மாவின் கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ.வைப் பார்ப்பது. நூறு டவுன் கருவில் 99-ஐப் பிடிக்கும், தவறான அலாரம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவு. அதே 10,000 பேர் கணக்கில் 99 பிடிபடும், சுமார் 10 தவறாக வரும். பாசிட்டிவ் வந்த 109-ல் 10 பேருக்கு டவுன் இல்லை. அதனால் இதை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது, ஆம்னியோ எடுத்து உறுதி செய்தே ஆக வேண்டும். தனியாரில் பத்தாயிரத்துக்கு மேல் செலவு. பத்து வாரத்துக்கு முன் கொடுத்தாலோ, எடை மிக அதிகமாக இருந்தாலோ கருவின் டி.என்.ஏ. 4 சதவீதத்துக்கும் கீழே போய் 'ரிசல்ட் இல்லை' என்று வரலாம். ஏழு எட்டு வார ஸ்கேனில் இரட்டையாகத் தெரிந்து பிறகு ஒன்று மறைந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அது ரிசல்ட்டைக் குழப்பும். என்.ஐ.பி.டி. கொடுத்தாலும் என்.டி. ஸ்கேனை விடாதீர்கள். கழுத்துப் பின்புற நீர் 3.5 மி.மீ.க்கு மேல் இருந்தால் இதயக் கோளாறு போல வேறு காரணங்களையும் தேட வேண்டும்.

ஒரு யோசனை உறுதியாகச் சொல்லலாம். என்.ஐ.பி.டி. லோ ரிஸ்க் வந்த பிறகு டபுள் மார்க்கர், குவாட்ருபிள் என்று ரத்த டெஸ்ட்களை மேலே மேலே அடுக்காதீர்கள். பலவீனமான டெஸ்ட் ஒன்று பலமான டெஸ்டுக்கு எதிராக ஹை ரிஸ்க் சொல்லும், பதினைந்து நாள் தூக்கம் போகும், புதிதாகத் தெரிந்தது ஒன்றும் இருக்காது.

பணம் ஒரு தடையென்றால் என்.டி. ஸ்கேன், டபுள் மார்க்கர் இரண்டையும் சரியாகச் செய்து, ஹை ரிஸ்க் வந்தால் மட்டும் ஆம்னியோ. பணம் முடியுமென்றால் என்.ஐ.பி.டி.யும் என்.டி. ஸ்கேனும். சந்தேகமே வேண்டாம் என்பவர்கள் இடையில் எதுவும் இல்லாமல் நேராக ஆம்னியோவுக்குப் போகலாம், முன்பு டவுன் குழந்தை இருப்பதே அதற்குப் போதுமான காரணம். பெற்றோரில் ஒருவர் டிரான்ஸ்லொகேஷன் சுமப்பவராக இருந்தால், பெரும்பாலும் நேராக உறுதி செய்யும் டெஸ்ட்தான் சரியான வழி.

அனாமலி ஸ்கேன் நார்மல் என்பது டவுன் இல்லை என்பதற்குச் சான்று அல்ல. டவுன் உள்ள கருவில் பாதி அளவுக்கு அந்த ஸ்கேனில் எதுவுமே தெரியாது. மூத்த குழந்தையின் ஸ்கேன்களும் நார்மலாகத்தான் இருந்தன என்பது பல அம்மாக்களுக்கு நினைவிருக்கும்.

ஆம்னியோ அன்று

15 வாரத்துக்குப் பிறகு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் பனிக்குடத்திலிருந்து 15 முதல் 20 மி.லி. நீர் எடுப்பார்கள். ஊசி உள்ளே இருப்பது ஒன்றிரண்டு நிமிடம். மரத்துப்போக ஊசி வழக்கமாகப் போடுவதில்லை, மாதவிலக்கு வலி மாதிரி ஒரு பிடிப்பு இருக்கும். கரு கலையும் ஆபத்து, கை பழகிய டாக்டரிடம் 200-ல் 1-க்கும் குறைவு. 'வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க டாக்டர்?' என்று கேட்பதில் தப்பில்லை. நஞ்சுக்கொடியிலிருந்து எடுக்கும் சி.வி.எஸ். 11 முதல் 13 வாரத்தில் செய்வது. சீக்கிரம் தெரியும், ஆனால் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மொசைக் என்று குழப்பமாக வந்து மறுபடி ஆம்னியோவுக்குப் போக நேரிடும்.

கொண்டுபோக வேண்டியவை: மூத்த குழந்தையின் ரிப்போர்ட், பெற்றோர் ரிப்போர்ட் இருந்தால் அதுவும், ரத்த குரூப், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி டெஸ்ட், எல்லா ஸ்கேன்களும், ஆதார். நெகடிவ் குரூப் அம்மாவுக்கு 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி. கூட்டத்தில் இது விட்டுப்போவது உண்டு, நீங்களே ஞாபகப்படுத்துங்கள். அன்றும் மறுநாளும் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம், மூத்த குழந்தையை இடுப்பில் வைக்க வேண்டாம். படுத்தே கிடக்க வேண்டியதில்லை. நீர் கசிவு, ரத்தம், காய்ச்சல், விடாத வயிற்று வலி வந்தால் உடனே மருத்துவமனை.

ரிசல்ட் இரண்டு கட்டமாக வரும். எஃப்.ஐ.எஸ்.எச். அல்லது கியூ.எஃப்.-பி.சி.ஆர். இரண்டு மூன்று நாளில் 21 இரண்டா மூன்றா என்று சொல்லிவிடும். முழு கேரியோடைப் இரண்டு மூன்று வாரம். டிரான்ஸ்லொகேஷன் குடும்பங்கள் முழு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் ஆணா பெண்ணா என்று இருக்காது, கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வதும் கேட்பதும் குற்றம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் எஃப், ஆம்னியோவுக்கு எழுத்துப்பூர்வ ஒப்புதலான படிவம் ஜி நிரப்புவது இதற்காகத்தான்.

டவுன் என்று உறுதியானால்

தொடர்வதென்றால்: 20 முதல் 24 வாரத்தில் கருவின் இதயத்துக்கான எக்கோ எடுங்கள், டவுன் குழந்தைகளில் பாதிக்கு அருகில் இதயக் குறை இருக்கும். குடல் அடைப்பு கடைசி மாதங்களில்தான் தெரியலாம் என்பதால் 30 வாரத்துக்கு மேல் இன்னொரு ஸ்கேன். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தை அறுவை சிகிச்சையும் கைக்கெட்டும் மருத்துவமனையில் பிரசவம். தெரிந்தே பெறும்போது முதல் நாளிலிருந்தே தயாராக இருக்கலாம்.

தொடர வேண்டாம் என்றால்: 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள், குறிப்பிட்ட வகையினருக்கு. தீவிர உடல், மனக் குறைபாட்டு ஆபத்துள்ள கரு அதில் ஒரு வகை. 24 வாரம் தாண்டினால் அரசு அமைத்த மருத்துவ வாரியம் ஒவ்வொரு கேஸாகப் பார்க்கும். ஒப்புதல் வரும் என்று நம்பித் தள்ளிப்போட முடியாது. 18 வயது நிரம்பிய பெண்ணின் கையெழுத்து மட்டுமே சட்டம் கேட்பது. கணவர் கையெழுத்தோ மாமியார் சம்மதமோ சட்டத்தில் இல்லை. உங்கள் பெயரை வெளியே சொல்லவும் கூடாது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வீட்டில் சாப்பிடுவது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். நான்காம், ஐந்தாம் மாதத்தில் அது உயிருக்கு ஆபத்து.

ஐ.வி.எஃப். செய்து கருவைச் சோதித்து வைக்கும் முறையும் உண்டு. சாதாரண டிரைசோமிக்கு அதற்காக மட்டும் லட்சக்கணக்கில் செலவழிப்பதில் பொருள் குறைவு. அம்மா டிரான்ஸ்லொகேஷன் சுமப்பவர், கரு கலைந்துகொண்டே இருக்கிறது என்றால் யோசிக்கலாம். அதன் பிறகும் ஆம்னியோ எடுத்து உறுதி செய்யச் சொல்வார்கள்.

வீட்டில் மற்றவர்கள்

'அண்ணன் குழந்தைக்கு இப்படி, என் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசலாமா?' என்ற கேள்வி வரும். மூத்த குழந்தைக்குச் சாதாரண டிரைசோமி என்றால் அத்தை, சித்தி, சித்தப்பா யாருக்கும் டெஸ்ட் தேவையில்லை. பெற்றோரில் ஒருவர் டிரான்ஸ்லொகேஷன் சுமப்பவரென்றால், அவருடைய கூடப்பிறந்தவர்கள் ஒவ்வொருவரும், அவருடைய அப்பா அம்மாவும் கேரியோடைப் செய்ய வேண்டும். சொல்லத் தயங்கி மறைத்தால், நாத்தனாரோ கொழுந்தனோ தெரியாமலே அதே இடத்தில் வந்து நிற்பார்கள். சுமப்பவருக்கு நல்ல ஆரோக்கியத்தோடு பிறக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் அதே டிரான்ஸ்லொகேஷனைச் சுமப்பவராக இருக்கலாம். அவர்களுக்குச் சின்ன வயதில் ஊசி குத்த வேண்டாம். கல்யாண வயது வரும்போது அவர்களிடமே சொல்லி, அவர்கள் விருப்பப்படி எடுத்தால் போதும். அதுவரை பழைய ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.